அலாரம் ஃபோன் யாரிடம்? மதுரைக் கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் பணி அழுத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

வைகையின் வடகரையில் இயங்கும் தனியார் கருத்தரிப்பு மையம் ஒன்றின் இயக்குநர், ஒரு வைகாசி மாதத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தம் ஆய்வகத்தின் முதுநிலைக் கருவியலாளருக்கு, அதாவது முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கருவை வளர்ப்பவருக்கு, "கொஞ்சம் கவுன்சலிங்" தேவைப்படுகிறது என்றார். ஒன்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், வேலையில் நேர்த்தியானவர். ஆனால் சில வாரங்களாகச் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார், வீட்டுக்குப் போனவர் இரவு பதினொரு மணிக்கு மறுபடி ஆய்வகத்துக்கு வந்து நிற்கிறார், தன்னிடம் வேலை பழகும் பயிற்சியாளரிடம் எரிந்து விழுகிறார் என்று அடுக்கினார். "ரொம்ப டென்ஷன் ஆகுற டைப் சார், நீங்க நாலு தடவ பேசினீங்கன்னா சரியாயிடும்" என்று முடித்தார்.

மருத்துவமனைப் பணியாளர்களின் மனநலத்தைக் கவனிப்பது என் தொழில் என்பதால் இத்தகைய அழைப்புகள் எனக்குப் புதியவை அல்ல. இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டேன். அவர் என்னிடம் பேசுவது நிர்வாகத்துக்குப் போகாது என்பது ஒன்று. அவரைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ ஆய்வகத்தின் வேலையையும் நான் நேரில் இருந்து பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. என் கட்டணத்தை மையமே கொடுத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவை அந்தக் கருவியலாளரின் ஒப்புதலோடு எழுதப்படுபவை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பணியின் விவரங்களை மாற்றவில்லை.

வந்தவரும் அவர் சொன்னவையும்

வயது 34. திருநகரில் வீடு. கணவர் திருமங்கலத்தில் வங்கிப் பணியில் இருக்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, கருவியலில் பயிற்சி பெற்று, சென்னையில் இரண்டாண்டும் இந்த மையத்தில் ஏழாண்டும் பணியாற்றியவர். முதல் அமர்வில் அவர் உறக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினார். படுத்தால் உறக்கம் வந்துவிடுகிறது, ஆனால் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் தானாக விழிப்பு வருகிறது, வந்ததும் தலையணைக்கு அடியில் இருக்கும் ஃபோனை எடுத்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது, பார்த்த பிறகும் படபடப்பு அடங்குவதில்லை என்றார். கழுத்து வலியும் வலது தோள்பட்டை வலியும் இரண்டாண்டுகளாக உள்ளன. கண் எரிச்சல் உண்டு. ஒரு சித்திரை மாதத்தில் நடந்த "அந்த விஷயம்" பற்றிக் கேட்டபோது, "எழுதிக் குடுத்துட்டேன் சார், மெமோவும் வாங்கிட்டேன்" என்றார். அன்று அதற்கு மேல் பேசவில்லை.

தைராய்டு அளவும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தன. பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 வினாத்தாளில் அவர் பெற்றது 13. அது நடுத்தர நிலை. மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9 வினாத்தாளில் தன்னைத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் குறித்த ஒன்பதாவது கேள்வியைத் தாளோடு விடாமல் வாய்விட்டும் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்குமோ என்ற ஐயம் எனக்கு முதலில் எழுந்தது. ஆனால் வீட்டில் கேஸ் அடுப்பையோ கதவுத் தாழ்ப்பாளையோ அவர் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. சரிபார்ப்பு முழுவதும் ஆய்வகத்தைச் சுற்றியே இருந்தது. அதுவும் சித்திரைக்குப் பிறகே தொடங்கியிருந்தது. நோய்ப் பெயர் ஒன்றை எழுதிக் கோப்பை மூடிவிடாமல் வைத்திருக்க அந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் அமர்வில் தற்செயலாக ஒன்று சொன்னார். மகள் பொம்மைகளோடு விளையாடும்போது வாயாலேயே ஓர் ஒலி எழுப்புவாளாம். உடனே ஒரு பொம்மை எழுந்து ஓடுமாம். அந்த ஒலி, ஆய்வகத்தில் கருக்களை வளர்க்கும் இன்குபேட்டரில் வாயு அளவு குறைந்தால் அம்மாவின் ஃபோனில் அடிக்கும் அலாரத்தின் ஒலி.

ஆய்வகத்தின் கடிகாரம்

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, குளிரூட்டிய அறையில் அமர்ந்து நுண்ணோக்கி பார்க்கும் வேலை என்றே தோன்றும். அதன் நெருக்கடி புரிய வேண்டுமானால் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கருமுட்டை முதிர்வதற்கான ட்ரிகர் ஊசியை நோயாளிக்கு இரவு பத்து மணிக்குப் போட்டால், ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, அதாவது மறுநாள் விட்டு அடுத்த நாள் காலை பத்து மணி வாக்கில் முட்டைகளை எடுத்தாக வேண்டும். பேச்சு வழக்கில் இதைப் பிக்கப் என்கிறார்கள். தாமதித்தால் முட்டைகள் சினைப்பையிலிருந்து தாமாக வெளியேறிவிடும். எடுத்த முட்டைகளைச் சுற்றியுள்ள செல்களை நீக்கி, பிற்பகலில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துகிறார்கள். இக்ஸி எனப்படும் இந்த முறை 1992 முதல் வழக்கில் உள்ளது. முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஊசி முனையின் உள்விட்டம் அதில் இருபதில் ஒரு பங்கு. செலுத்திய 16 முதல் 18 மணி நேரத்துக்குள் முட்டையில் இரண்டு முன்கருக்கள் (ஒன்று முட்டையினுடையது, மற்றது விந்தணுவினுடையது) தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் தவறினால் அவை மறைந்துவிடும். எந்த முட்டை முறையாகக் கருவுற்றது, எது மூன்று முன்கருக்களோடு பிறழ்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பிக்கப்பும் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு கருவியலாளரை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்துவிடுகிறது.

அத்தோடும் முடிவதில்லை. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கரு பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் வளர்ந்த நிலையை அடைந்ததா என்று பார்த்து, கருப்பைக்கு மாற்றவோ உறைய வைக்கவோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். சனிக்கிழமை பிக்கப்புக்கு ஞாயிறு முதல் நாள். செவ்வாய் பிக்கப்புக்கு ஞாயிறு ஐந்தாம் நாள். திங்கள் பிக்கப்புக்கு ஆறாம் நாள். மூன்றாம் நாளிலேயே கருவை மாற்றுவதாக இருந்தால் வியாழன் பிக்கப்புக்கும் ஞாயிறு வேலைநாள். புதனும் வெள்ளியும் மட்டுமே ஞாயிற்றைத் தொடாத நாள்கள். மையத்தின் பணிப் பட்டியலில் இவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று எழுதியிருந்தது. கடந்த பதினான்கு ஞாயிறுகளில் பதிமூன்றில் அவர் ஆய்வகத்தில் இருந்திருக்கிறார் என்று வருகைப் பதிவு காட்டியது. இரண்டுமே உண்மைதான். "காலைல ஒரு மணி நேரம் வந்து பார்த்துட்டுப் போறது" வேலையாகக் கணக்கிடப்படவில்லை.

நான் மூன்று நாள் உள்ளே இருந்தேன். மாற்றுடை, தலை உறை, முகக்கவசம். வாசனைத் திரவியம், முகப் பவுடர், நகப்பூச்சு எதுவும் கூடாது, ஏனெனில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் கருவைப் பாதிக்கக்கூடியவை. இன்குபேட்டருக்குள் போகும் காற்றுக்குக்கூட வடிகட்டி உண்டு. மல்லிகைக்குப் பெயர் போன ஊரில் இந்த ஆய்வகத்துக்குள் பூ வைத்துக்கொண்டு போக முடியாது. ஊர்ப்புறத்திலிருந்து வரும் பெரியம்மாக்கள் வெற்றுத் தலையைப் பார்த்து, "ஏன் தாயி, பூ வைக்கலியா?" என்று கேட்பார்களாம், கேட்பவர்களுக்கு அதில் ஒரு சகுனமும் இருக்கிறது. அறைக்குச் சன்னல் இல்லை. வெளிச்சம் மங்கல். சாவடிபோல் ஆள் நடமாட்டம் உள்ள வரவேற்பறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் மூன்று கதவுகள்.

முதல் நாள் காலை 6.40-க்கு அவர் உள்ளே வந்தார்; மாலை 5.10-க்கு வெளியே போனார். இடையில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். அறைக்குள் இருந்த தொலைபேசி 23 முறை அடித்தது, அதில் பெரும்பகுதி வரவேற்பிலிருந்தும் வார்டிலிருந்தும் வந்த ஒரே கேள்விதான்: "மேடம், அவங்களுக்கு எத்தனை முட்ட, எத்தனை கரு?" இரண்டு அழைப்புகள் உறைய வைக்கும் வேலையின் நடுவில் வந்தன. உறைய வைக்கும் கடைசிக் கரைசலில் கரு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் இருக்கலாம். அதற்குள் மெல்லிய பட்டையில் ஏற்றி, மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் முக்கிவிட வேண்டும். ஃபோன் அடிக்கும்போது அவர் தோள்கள் மேலே ஏறுவதையும், அடித்து ஓய்ந்த பிறகும் இறங்காமல் இருப்பதையும் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. கழுத்து வலிக்கு அவர் வாங்கியிருந்த எக்ஸ்ரேயைவிட அந்தக் காட்சி எனக்கு அதிகம் சொல்லிற்று.

சித்திரையில் நடந்தது

மதுரையில் சித்திரைத் திருவிழா வாரம் மருத்துவமனைகளுக்கும் ஒரு கணக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதற்கு முந்தைய இரவிலும் தென்கரையிலிருந்து வடகரைக்கு வருவது எளிதல்ல. பாலங்களிலும் கோரிப்பாளையம், தல்லாகுளம் பகுதிகளிலும் மக்கள் வெள்ளம். அந்த நாளில் பிக்கப் விழாமல் இருக்க, மருந்து தொடங்கும் நாள்களை முன்கூட்டியே நகர்த்தி, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பாக ஒரே நாளில் ஏழு பிக்கப் வைத்திருந்தார்கள். வழக்கமாக மூன்று அல்லது நான்கு. இரண்டாவது கருவியலாளர் மாசியில் பணி விலகிச் சென்னைக்குப் போயிருந்தார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. மீதி இருந்தவர்கள் இவரும், எட்டு மாதமே ஆன பயிற்சியாளர் ஒருவரும்.

ஏழு பேரில் இருவர் பெயர் மீனாட்சி. மதுரையில் இது வியப்பில்லை. இருவர் கணவர் பெயரிலும் பாண்டி என்ற சொல் இருந்தது, அதுவும் வியப்பில்லை. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். அது முன்னால் எழுதப்படுவதும் உண்டு, பின்னால் எழுதப்படுவதும் உண்டு, விடுபடுவதும் உண்டு. பிறந்த தேதி இரண்டாவது அடையாளம் என்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய மே, ஜூன் தேதிகளே பலருக்குப் பிறந்த தேதி என்பதால், இந்த இரு மீனாட்சிகளின் தேதிகளும் ஒரே மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் இருந்தன. குடும்பப் பெயர் உள்ள நாடுகளுக்காக எழுதப்பட்ட இரட்டை அடையாள முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணி அளவில், இரண்டாவது மீனாட்சியின் முட்டைகள் இருந்த டிஷ் (சிறு தட்டு) இக்ஸி நுண்ணோக்கியின் கீழ் இருந்தது. பயிற்சியாளர் கொண்டுவந்து வைத்த விந்தணுக் குழாய் முதல் மீனாட்சியின் கணவருடையது. எண்கள் பொருந்துவதை இரண்டாமவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய சாட்சிக் கட்டத்தில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஏழு படிவங்களிலும் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார் அந்தப் பயிற்சியாளர். பக்கத்து அறையில் விந்தணு தயாரிக்கும் வேலையை விட்டு ஒவ்வொரு முறையும் எழுந்து வர அவருக்கு நேரமில்லை. குழாயைத் திறக்குமுன் மூடியில் இருந்த பதிவெண்ணின் கடைசி இரு இலக்கங்களைக் கருவியலாளர் பார்த்தார். டிஷ்ஷின் அடியில் இருந்த எண்ணோடு அது பொருந்தவில்லை. நிறுத்தினார். குழாயை மாற்றினார். எதுவும் கலக்கவில்லை, எந்த நோயாளிக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. மாலையில் தாமே எழுதி இயக்குநரிடம் கொடுத்தார்.

பதிலாக வந்தது மெமோ. "இனி இவ்வாறு கவனக்குறைவு நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இருந்தது அதில். பிழையைக் கண்டுபிடித்தவருக்கே கவனக்குறைவுக்கான குறிப்பு. கூடவே, பணியாளர் நலனுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் யோகா வகுப்பு அறிவிக்கப்பட்டது. சனிக்கிழமை மாலை அவர் இக்ஸி முடித்து எழுதிக்கொண்டிருப்பார். ஒரு முறைகூடப் போகவில்லை. அது "ஒத்துழைப்பின்மை" என்று பின்னர் என்னிடம் சொல்லப்பட்டது.

பிழை எப்படி நடக்கிறது என்பதற்கு உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் முன்வைத்த விளக்கம் மருத்துவத் துறையில் இப்போது பாடமாகவே உள்ளது. பல தடுப்புகளில் உள்ள ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் விபத்து கடந்து வருகிறது என்பது அவர் கருத்து. இங்கே ஏழு பிக்கப், காலி இடம், ஒரே பெயர், ஒரே மாதத் தேதி, முன்னமே இட்ட கையெழுத்து ஆகிய ஐந்து ஓட்டைகளும் நேர்கோட்டில் வந்துவிட்டன. ஆறாவது தடுப்பாக இருந்தது ஒரு களைத்த மனிதரின் கண். அந்தக் கண் அன்று வேலை செய்தது. அது ஒன்றுதான் மிச்சம் என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு இரவு பதினொரு மணிக்கு அவர் திரும்பி வந்து டிஷ் எண்களைப் பார்த்ததை நோய்க்குறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாத சாட்சியின் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தார்.

ஃபோன்

ஆயினும் அவரைத் தேய்த்தது அந்த ஒரு பிற்பகல் அல்ல என்பது என் முடிவு. மூன்று வாரம் உறக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன். எழுதியவற்றை ஆய்வகத்தின் அலாரப் பதிவோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது.

இன்குபேட்டர்கள் 37 டிகிரியிலும், ஏறத்தாழ 6 சதவீதக் கார்பன் டை ஆக்சைடிலும், 5 சதவீத ஆக்சிஜனிலும் இயங்குகின்றன. அளவு பிசகினால் கருவி ஒரு குறிப்பிட்ட கைபேசி எண்ணை அழைக்கும். உறைகலன்களில் நைட்ரஜன் மட்டம் இறங்கினாலும் அதே எண்ணுக்குத்தான் அழைப்பு வரும். அந்த எண் ஏழாண்டுகளாக இவருடையது. அதற்குச் சிறப்பான காரணம் எதுவும் இல்லை. கருவியை நிறுவிய அன்று அவர் பக்கத்தில் நின்றிருந்தார். ஊருக்குப் போனாலும், காய்ச்சலில் படுத்தாலும், மகப்பேறு விடுப்பின் கடைசி இரண்டு மாதங்களிலும் அந்த எண் மாறவில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஓர் உறைகலன் பழுதாகி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் அழிந்த செய்தியும், அங்கே தொலைவிலிருந்து எச்சரிக்கும் அலாரம் அணைந்திருந்தது என்ற தகவலும் இத்துறையில் இருப்பவர் எல்லாருக்கும் தெரியும். இவர் ஃபோனை ஒருபோதும் அணைப்பதில்லை. சார்ஜரைக் கைப்பையில் இரண்டாகவே வைத்திருக்கிறார்.

இரண்டு மாதப் பதிவில் 31 அலாரங்கள். அவற்றில் 27 பொய்யானவை அல்லது தாமாக அடங்கியவை. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் வந்தவை பாதி. வாயு உருளையை மாற்றும்போது வந்தவை மீதியில் பெரும்பங்கு. கோடையில் மின்தடை கூடும்போது அலாரமும் கூடியிருந்தது. இதைவிட முக்கியமானது, உறக்கக் குறிப்பில் அவர் விழித்ததாக எழுதியிருந்த நேரங்களில் பெரும்பாலானவற்றில் அலாரமே அடிக்கவில்லை என்பது. அடிக்குமோ என்று உடல் காத்திருந்தது. வேலை நேரம் முழுவதும் கருவைக் காத்தவர், வீட்டில் மீதி நேரமும் அதைக் காத்துக்கொண்டே இருந்தார். ஓய்வு என்பது வேலையில் இல்லாத நேரமல்ல, பொறுப்பு வேறொருவர் கையில் இருக்கும் நேரம். அவருக்கு ஏழாண்டுகளில் அப்படி ஒரு மணி நேரம் இருந்ததா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "பிரசவ வார்டுல இருந்தப்போ" என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு, 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பர்ன்-அவுட் எனப்படும் பணிச்சோர்வு ஒரு நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவான தொழில்சார் நிகழ்வாகவே குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிடமிருந்து மனம் விலகுதல், தன் திறமை மீது நம்பிக்கை குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். இவரிடம் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன. இரண்டாவது அறவே இல்லை. வேலையிடமிருந்து மனம் விலகியிருந்தால் ஒருவேளை உறங்கியிருப்பார். பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னது இங்கே இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது: வேலைச் சுமை மிகுந்தும், தன் வேலையின் மீது தனக்குள்ள கட்டுப்பாடு குறைந்தும் இருக்கும் பணிகளே மனிதரை அதிகம் நசுக்குகின்றன. எத்தனை பிக்கப் என்பதை இவர் தீர்மானிப்பதில்லை. எந்த நாள் என்பதை ஓரளவு நோயாளியின் உடலும், ஓரளவு மருத்துவரும், ஓரளவு பஞ்சாங்கமும் தீர்மானிக்கின்றன. ராகுகாலத்தில் கருவை உள்ளே வைக்க வேண்டாம் என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. மருத்துவர் சரி என்பார். உருக்கிய கருவோடு காத்திருப்பவர் இவர்.

அங்கீகாரம் பற்றியும் ஒரு சொல். கரு தங்கினால் இனிப்பு மருத்துவரின் அறைக்குப் போகிறது, தங்காவிட்டால் "லேப் எப்படி?" என்ற கேள்வி உள்ளே வருகிறது. இது மதுரைக்கு மட்டும் உரியதல்ல. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 சூலை 25 அன்று பிறப்பதற்குக் காரணமான மூவரில் ஆய்வகத்தை நடத்தியவர் ஜீன் பர்டி; மூவரில் இன்னொருவரான ராபர்ட் எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும்கூட, இங்கிலாந்தின் ஓல்டாம் மருத்துவமனையில் முதலில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1985-இல், 39 வயதில், அவர் இறந்துபோனார்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், இத்தகைய மையத்தில் ஆலோசகர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்கின்றன. நோயாளிகளுக்காக. அந்த மையத்திலும் ஒருவர் இருந்தார், திறமையானவர். அவருடைய அறை ஆய்வகத்திலிருந்து இருபதடி தூரம். ஏழாண்டுகளில் கருவியலாளரிடம் அவர் பேசியது பிறந்தநாள் வாழ்த்து மட்டும். அதே விதிகளின் குறைந்தபட்சப் பணியாளர் பட்டியலில் கருவியலாளர் ஒருவர் இருந்தால் போதும். சாட்சிக்கு இரண்டாவது கண் எங்கிருந்து வரும் என்பது மையத்தின் பாடு.

செய்தவை

கருவியலாளரோடு ஆறு அமர்வுகள். உறக்கத்துக்கான வழக்கமான நடத்தைச் சிகிச்சை, கழுத்துக்கு இயன்முறை மருத்துவரின் பயிற்சி, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. இவற்றில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை.

இயக்குநரோடு பேசியதே கடினமாக இருந்தது. அவர் கெட்டவர் அல்லர், கடனில் மையம் கட்டியவர். நான்கு மாற்றங்கள் கேட்டேன். முதலாவது ஃபோன். கருவியின் அலாரம் இனி இரவுப் பணிச் செவிலியரிடம் போகும். கதவருகே ஒட்டிய தாளைப் பார்த்து, திரையில் உள்ள நான்கு எண்களை அவர் படிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அடங்காத அலாரமும் நைட்ரஜன் அலாரமும் மட்டும் அன்றைய பொறுப்பாளருக்குப் போகும். பொறுப்பாளர் முறை கருவியலாளர், பயிற்சியாளர், கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் ஆகிய மூவருக்குள் சுழலும். பொறியாளர் வாயு உருளையின் ரெகுலேட்டரில் இருந்த கசிவைச் சரிசெய்து, மின்தடைக்கான இடைவெளியையும் கணக்கில் சேர்த்தார். அலாரங்கள் அந்த மாதமே பாதிக்கும் கீழே வந்தன. ஏழாண்டுகளாகச் செய்யாத வேலை, ஒரு பிற்பகலில் முடிந்தது.

இரண்டாவது, தவிர்க்க முடியாத நிலையைத் தவிரச் சனியிலும் செவ்வாயிலும் பிக்கப் இல்லை. ஒரு நாளுக்கு ஐந்துக்கு மேலும் இல்லை. வருமானம் குறையும் என்று இயக்குநர் தயங்கினார். மூன்று மாதச் சோதனை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது, பெயரை அடையாளமாகக் கொள்வதை நிறுத்திப் பதிவெண்ணை இருவரும் வாய்விட்டுப் படிப்பது, ஒரே பெயருள்ளவர்களை ஒரே நாளில் வைத்தால் வண்ணம் மாற்றுவது, படித்த பிறகே கையெழுத்து. பயிற்சியாளர் பக்கத்து அறையில் இருந்தால் பயிற்சி பெற்ற அறுவை அரங்குச் செவிலியர் சாட்சி. நான்காவது, முட்டை எத்தனை, கரு எத்தனை என்ற தகவல் காலை பதினொரு மணிக்கு ஒரே தாளில் வெளியே வரும். அதற்கு முன் ஆய்வகத் தொலைபேசி அவசரத்துக்கு மட்டுமே.

மெமோவைத் திரும்பப் பெறுமாறும் கேட்டேன். அதற்கு அவர் இணங்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் சார்" என்றார். பிழையைக் கண்டறிந்து தடுத்தவர் இவரே என்ற குறிப்பு ஒன்று அதனுடன் சேர்க்கப்பட்டது. மெமோ கோப்பில் அப்படியே உள்ளது. அதற்குப் பிறகு மையத்தில் யாரும் தாமாக எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். தவறே நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்வது விவேகமல்ல.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு

இரவில் திரும்பி வருவது இரண்டாவது மாதத்திலேயே நின்றது. ஜி.ஏ.டி.-7 மதிப்பெண் 6. ஃபோன் தன் முறையில் இல்லாத இரவுகளில் அவர் காலை வரை உறங்குகிறார்; முறை உள்ள இரவுகளில் இன்னமும் ஒரு முறை விழிக்கிறார். மாதம் இரண்டு ஞாயிறு முழுமையாகக் கிடைக்கிறது. கழுத்து வலி பெரிதாக மாறவில்லை. ஒன்பதாண்டு நுண்ணோக்கி ஐந்து மாதத்தில் இறங்கிவிடாது. இது ஒரு மனிதரின், ஓர் ஆய்வகத்தின் கதை. பேட்ச் பேட்ச்சாக நோயாளிகளைச் சேர்த்து வைத்து, வெளியூரிலிருந்து வந்துபோகும் ஒரே கருவியலாளரைக் கொண்டு நடத்தும் சிறு மையங்களில் இந்த ஏற்பாடுகள் எவையும் அப்படியே பொருந்தா. அங்கே வருகிறவர் பேருந்தில் உறங்குகிறார்.

கடைசிச் சந்திப்பில் கருவியலாளர் தம்மைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சியாளர் தன் ஃபோன் முறைக்கு மறுநாள் கண் சிவந்து வருகிறார் என்றும், "அக்கா, அலாரம் அடிக்காட்டியும் முழிப்பு வருது" என்று சொன்னதாகவும் கூறினார். ஃபோன் இரவுக்கு மறுநாள் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று ஒரு விதி வேண்டும். ஆனால் ஏழு மணிக்கு முன்கருக்களைப் பார்க்க யார் இருப்பார்கள்? மூன்றாவது ஆள் இல்லாமல் அது நடக்காது. காலியிடத்துக்கு இயக்குநர் அந்த வாரமே விளம்பரம் கொடுத்தார். இரண்டு பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். ஒருவர் விருதுநகர், ஒருவர் தேனி. சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இருவரும் கேட்டது ஒரே கேள்வி என்று இயக்குநர் எனக்கு ஃபோனில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை லீவு உண்டா மேடம்?"

"மாசத்துக்கு ரெண்டு உண்டுன்னு சொல்லியிருக்கேன் சார்" என்றார்.